எடுக்காத கல்

ஆற்றோரத் தோட்டத்தில் அந்த இடத்துக்கு எடுக்காத மேடு என்று பெயர். சிகாமட்டிலிருந்து வரும் செம்மண் சடக்கு ஆற்றை ஒட்டித் திரும்பும் இடத்தில், கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே, கவிழ்த்த கூடை மாதிரி அது இருந்தது. இரண்டு ஆள் உயரம். உச்சியில் மரம் கிடையாது. அடியைச் சுற்றிச் சாண் உயரக் கருங்கற்கள் வளையமாக ஊன்றப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்து மண் முழுதும் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். கிணறு தோண்டினாலும் ஒரு கல் அகப்படாது. யாரோ எங்கிருந்தோ சுமந்து வந்து ஊன்றிய கற்கள் அவை.

ஜப்பான் சண்டைக்குச் சில ஆண்டுகள் முன்பு, பழம்பொருள் ஆராயும் துரை ஒருவர் வந்து மேட்டில் ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தார். வெட்டிய ஆட்களில் அய்யாவு என்பவனும் ஒருவன். மார்பளவு ஆழத்தில் உடைந்த பானை ஒன்றும் சில மணிகளும் கிடைத்தன. எலும்பு கிடைக்கவில்லை. இது புதைமேடு, ராஜாக்கள் காலத்துக்கெல்லாம் முந்தியது, இந்தப் புளித்த மண் எலும்பைத் தின்றுவிட்டது என்று துரை தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார். கிராணி ஆட்களிடம் சொன்னார். பிறகு குழியை மூடினார்கள். இங்கே தோண்டக் கூடாது, அரசாங்கக் காவலில் உள்ள இடம் என்று எழுதிய இரும்புப் பலகையை நட்டார்கள். புல் வெட்டிச் சுத்தமாக வைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் துரை. அய்யாவு ஒத்துக்கொண்டான்.

வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதுதான் சரி. காரணம் அந்தக் கற்கள்.

தோட்டத்தில் ஒருவர் செத்தால் கருமாதிக்குக் கல் ஊன்றுவார்கள். செத்தவரை அந்தக் கல்லில் இருத்தி, எண்ணெய் வைத்து, பால் ஊற்றி, அவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். சடங்கு முடிந்ததும் கல்லைப் பிடுங்கி ஆற்றில் விடுவார்கள். அதோடு ஆள் போய்ச் சேர்ந்தார். புதைமேடு என்று துரை சொன்னதும் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்த வளையம் விளங்கிவிட்டது. அவை கருமாதிக் கற்கள். ஊன்றியவர்கள் எடுக்காமலே போய்விட்டார்கள். செத்தவர்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். துரை கேட்டிருந்தால் சிரித்திருப்பார். லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. மசக்கைக்காரிகள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்கள்.

பேச்சியம்மாள் பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசித் தோட்டத்தில் பிறந்தவள். அன்னாசி மடல் கீறிய வடுக்கள் அவளுடைய இரண்டு முழங்கைகளிலும் இருந்தன. அய்யாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்குக் கித்தா மரத்தில் பால் வெட்டுகிற வேலை என்றே நினைத்திருந்தாள். வந்த வாரத்தில் பக்கத்து அறைக் கருப்பாயிதான் விஷயத்தை உடைத்தாள். கருப்பாயியின் நாக்கில் எப்போதும் மிளகாய் இருக்கும்.

"ஒன் வூட்டுக்காரரு செத்தவங்களுக்கு முடி வெட்டி விடுறாரு புள்ள. தெரியாதா?" என்றாள்.

பேச்சியம்மாள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அய்யாவு அவளை மேட்டுக்குக் கூட்டிப் போனான். கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். கிழக்கே ஒரு கல் லேசாகத் தலை சாய்ந்திருந்தது. வேலை முடிந்து அவன் உட்கார்வது அதன் பக்கத்தில்தான். பாராங் கத்தியைத் தீட்டுவதும் அதில்தான். தீட்டித் தீட்டி அதன் ஓரம் வழுவழுப்பாகியிருந்தது.

பயமாக இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள்.

"எனக்கும் மொதல்ல இருந்துச்சு. அப்புறம் நெனச்சுப் பாத்தேன். இவங்களுக்குன்னு யாரும் இல்ல. புல்லு வெட்டுறவன் மேலயே கோவப்பட்டா, நாளைக்கு யாரு வந்து வெட்டுவா?"

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். அந்தத் தோட்டத்துக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து மதியச் சோற்றை மேட்டுக்கே கொண்டுபோனாள்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். துரைமார் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார்கள். பால் வாங்க ஆள் இல்லாததால் மரங்களில் கத்தி படவில்லை. அரிசி போய் மரவள்ளி வந்தது. துணி போய்ச் சாக்கு வந்தது. மேட்டில் புல் வெட்டச் சொன்னவரும் போய்விட்டார், கூலி கொடுத்தவரும் போய்விட்டார். அய்யாவு மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம், லாலான் புல்லுக்குச் சண்டை நடப்பது தெரியாது என்றான்.

அடுத்த ஆண்டு, சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு ஜப்பான் அதிகாரி வந்தார். சில மாத வேலை, அரிசி உண்டு, மருந்து உண்டு என்றார்கள். முதல் தடவை சிலர் தாங்களே லாரியில் ஏறினார்கள். கருப்பாயியின் புருஷன் மணியம் அப்படிப் போனவன்தான். போனவர்களில் யாரும் திரும்பவில்லை. அதனால் இரண்டாம் தடவை யாரும் முன்வரவில்லை.

பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரியின் பக்கத்தில் கிராணி சதாசிவம் நின்றார். கெட்டவர் அல்ல, பயந்தவர். ஆள் காட்டாவிட்டால் உன்னை ஏற்றுவோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வரிசையோடு நடந்து விரலை நீட்டிக்கொண்டே வந்தார். சிலர் முன்னால் தயங்கினார். அய்யாவு முன்னால் தயங்கவில்லை.

"இவன் கித்தா ஆளே இல்ல. மேட்டுக்குப் புல்லு வெட்டுறவன். இவன் போனா தோட்டத்துக்கு ஒரு நட்டமும் இல்ல."

அதைத் தமிழில் சொன்னார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

பேச்சியம்மாளுக்கு அப்போது வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அய்யாவு குனிந்து பாராங் கத்தியை அவள் கையில் கொடுத்தான்.

"புல்ல முட்ட விட்டுடாத. கல்லு ஒண்ணும் அசையக் கூடாது. வந்து பாப்பேன்."

பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தான், அதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. கடைசிவரை பேச்சியம்மாள் அப்படித்தான் சொன்னாள்.

மறுநாளே மேட்டில் ஏறினாள். வயிற்றோடு குனிய முடியாதபோது முழங்காலில் உட்கார்ந்து வெட்டினாள். வீட்டைச் சுற்றி நட்ட மரவள்ளியில் புல் மண்டியது; மேட்டில் மண்டவில்லை. பசி வேளையில் இந்தக் கூத்து எதற்கு என்று லயத்தில் பேசினார்கள். அவளுக்குள் ஒன்று உறுதியாக இருந்தது. மேடு அவன் விட்டுப்போனபடி இருந்தால் அவனும் போனபடியே இருப்பான். இங்கே ஒரு கல் அசைந்தால் அங்கே அவனுக்கு ஏதோ ஆகிவிடும். இதை வெளியே சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மகன் பிறந்தான். தீட்டுக் கழியும்வரை பொறுத்திருந்தவள், கழிந்ததும் முதல் வேலையாகப் போய்க் கற்களைப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

மழை விட்டபின் செய்தி வர ஆரம்பித்தது. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சலோடு கிடந்தான். அவன் சொன்ன பெயர்களில் மணியம் இருந்தது. வாந்திபேதி. ஒரே குழியில் பலரைப் போட்டு எரித்தார்கள்.

கருப்பாயி ஒரு பகல் முழுவதும் அழுதாள். பிறகு எழுந்து, கருமாதி செய்ய வேண்டும் என்றாள். ஆள்தான் கிடைக்கவில்லை, சடங்காவது கிடைக்கட்டும். அதற்குக் கல் வேண்டும். முன்பெல்லாம் சடக்கு போட மிஞ்சிய கல் தோட்டத்து ஆபீஸ் பின்னால் கிடக்கும். ஜப்பான்காரர்கள் அதையும் அள்ளிப் போயிருந்தார்கள். சிகாமட் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தின் அடியில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது, காவல்காரன் அசந்தால் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

"ரயிலு போடப் போயித்தான் அந்த மனுசன் செத்தாரு. ரயிலு கல்லுலயே கொண்டாந்து உக்கார வைக்கவா?" என்று கருப்பாயி கேட்டாள். சொன்னவர் எழுந்து போனார்.

அன்று மாலை அவள் பேச்சியம்மாளின் வாசலில் வந்து உட்கார்ந்தாள். மேட்டிலிருந்து ஒரு கல் கேட்டாள்.

பேச்சியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே அக்கா என்றாள். வாயில் வந்தது அதுதான்.

"இருந்தா இருக்கட்டும். லயத்துல ஒரு அறையில ரெண்டு குடும்பம் இல்லையா? எங்க வூட்டுக்காரரு யாரோடயும் ஒத்துப் போவாரு."

"அவரு எதையும் அசைய விடாதன்னு சொல்லிட்டுப் போனாரு அக்கா."

கருப்பாயி அவள் கழுத்துத் தாலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன் வூட்டுக்காரரு வருவாருன்னு நீ நெனைக்கிற. எங்க வூட்டுக்காரரு வர மாட்டாருன்னு ஆயிப்போச்சு. அதான் ஒனக்குக் கை வரல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கருமாதி அன்று ஆற்றங்கரையில் கருப்பாயி செம்மண்ணை உருட்டிக் காயவைத்து ஊன்றியிருந்தாள். பசும்பாலுக்கு வழியில்லை. தேங்காய்ப்பால் பிழிந்திருந்தாள். சோற்றுக்குப் பதில் அவித்த மரவள்ளி. முதல் கை பாலில் மண்ணுருண்டையின் தலை கரைந்தது. இரண்டாவது கையில் அது உட்கார்ந்துவிட்டது. சிவப்பாக வழிந்து ஆற்றில் இறங்கியது.

"ரெண்டாந் தடவையும் போயிட்டாரு" என்றாள் கருப்பாயி. அழவில்லை.

பேச்சியம்மாள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக மேட்டுக்கு நடந்தாள். வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மேற்கே ஒரு கல்லின் முன் உட்கார்ந்து, பிள்ளையைப் புல்லில் கிடத்தினாள். பாராங் முனையால் மண்ணை நெகிழ்த்தினாள். கல் எளிதில் வரவில்லை. வந்தபோது பல் பிடுங்கிய இடம் மாதிரி குழி ஈரமாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சயாமில் இப்போது என்ன அசைந்ததோ என்று நினைத்தாள். ஒரு மழை பெய்தால் குழி தூர்ந்துவிடும், இடம் தெரியாமல் போகும். மூங்கில் ஒன்றை வெட்டிக் கூராக்கி, அந்தக் குழியில் முளையாக அடித்தாள்.

கல்லைக் கொண்டுபோய்க் கருப்பாயியின் முன் வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை என்றாள். ஆற்றில் விடக் கூடாது. சடங்கு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். எடுத்த இடத்திலேயே ஊன்ற வேண்டும்.

"ஆத்துல விடாட்டி அவரு எப்படிப் போய்ச் சேருவாரு?"

"மேட்டுல இருப்பாரு அக்கா. நான்தான் புல்லு வெட்டுறேன்ல."

கருப்பாயி கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் தடவிக்கொண்டே, "ஒழுங்கா வெட்டி விடு. அவருக்குக் கிராப்பு வச்சாத்தான் பிடிக்கும்" என்றாள். பிறகு உடைந்து அழுதாள்.

அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள். செய்தி வர வர வந்தார்கள். செய்தி வராமலே, இனி வராது என்று முடிவு செய்துகொண்டும் வந்தார்கள். பேச்சியம்மாள் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. கல் போகும்போது குழியில் முளை அடித்தாள். விபூதியும் எண்ணெயுமாகக் கல் திரும்பி வந்ததும் முளையைப் பிடுங்கி, போன இடத்திலேயே, போன முகமாகவே ஊன்றினாள். வளையம் கலையவே இல்லை. புல் வெட்டும்போது ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகினாள். கிழக்கே தலை சாய்ந்த கல்லை மட்டும் எவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒருநாள் கிராணி சதாசிவம் வந்தார்.

மேட்டின் அடியில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அவருடைய தம்பி ராஜசேகரன் சிகாமட்டில் படித்துக்கொண்டிருந்தவன். கடைத்தெருவில் போனவனைப் பிடித்து ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் கிராணி என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது அவனும் இல்லை என்று சேதி வந்திருந்தது.

கல் வேண்டும் என்று கிராணி கேட்கவில்லை. ஊரெல்லாம் வந்து கேட்கும் இடத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். பேச்சியம்மாள் புல் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அன்னிக்குப் பெரட்டுல வெரல நீட்டுனீங்களே ஐயா. எந்தக் கையி?"

அவர் வலது கையைப் பார்த்தார்.

"அந்தக் கையாலயே எடுங்க. எது வேணுமோ நீங்களே எடுத்துக்குங்க. கெழக்க இருக்கறது மட்டும் வேணாம்."

கிராணி முழங்காலிட்டார். ஒரு கல்லைப் பிடித்து இழுத்தார். வேலை செய்து பழகாத கை. கல் அசையவில்லை. மறுபடி இழுத்தார். நகம் பெயர்ந்தது. இடது கையையும் கொடுக்கவில்லை. அவள் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். அவருடைய தோள் குலுங்குவதைப் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. பிறகு அருகில் போய் உட்கார்ந்து, பாராங் முனையால் கல்லைச் சுற்றி மண்ணை நெகிழ்த்திக் கொடுத்தாள். கல் வந்தது. அவள் முளை அடித்தாள்.

சில மாதம் கழித்து, மேட்டிலும் மரவள்ளி நட வேண்டும் என்று ஜப்பான் அதிகாரி சொன்னபோது, அடி முழுதும் கல், கிழங்கு இறங்காது என்று கிராணி சொல்லிவிட்டதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னதற்கு ஓர் அறை வாங்கினாராம்.

ஜப்பான்காரர்கள் தோற்றுப் போனார்கள். தோட்டத்தில் அதைக் கொண்டாடத் தெம்பு உள்ளவர்கள் குறைவு. சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ரயில் வரும் என்று கேள்விப்பட்ட நாளெல்லாம் பேச்சியம்மாள் மகனைத் தூக்கிக்கொண்டு சிகாமட் ஸ்டேஷனுக்குப் போனாள். அப்பா எப்படி இருப்பார் என்று மகன் கேட்டதற்கு, உயரமாக இருப்பார் என்றாள். இறங்கியவர்கள் எல்லாரும் கூனியிருந்தார்கள்.

லெட்சுமணன் வந்தது ஸ்டேஷனுக்கு அல்ல. நேராக மேட்டுக்கே வந்தான். அய்யாவோடு அதே லாரியில் போனவன், அவனை அண்ணன் என்று கூப்பிடுகிறவன். ஒரு காலில் கணுக்காலுக்கு மேல் சதை இல்லாமல் பள்ளமாக இருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு வளையத்துக்கு வெளியே நின்றான். பேச்சியம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் சடக்கைப் பார்த்தாள். சடக்கில் யாரும் இல்லை.

"அண்ணி, அண்ணன் போயி ரொம்ப நாளாச்சு" என்றான். "லாரி ஏறுன வருசத்துலயே. அந்த மழ முடியிறதுக்குள்ளயே."

"எந்த மழ தம்பி?"

"நாங்க போன வருசத்து மழ."

பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். அந்த மழையில்தான் மகன் பிறந்தான். கருப்பாயி கல் கேட்டு இன்னும் வரவில்லை. மேட்டில் ஒரு கல்கூட அசைந்திருக்கவில்லை. முதல் கல்லைப் பிடுங்கிய நாளிலிருந்து, தானே அவனைக் கொன்றுவிட்டோமோ என்று ஒவ்வொரு முளை அடிக்கும்போதும் அவள் பயந்திருந்தாள். அவள் கொல்லவில்லை. காப்பாற்றவும் இல்லை. எல்லாக் கல்லும் இருந்த இடத்தில் இருந்தபோதே அவன் போயிருந்தான்.

எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள்.

"காட்டோரத்துல. எல்லாரையும் வச்ச எடத்துலதான். நான்தான் மண்ணு தள்ளுனேன். மேல அடையாளம் வைக்க ஒண்ணும் கெடைக்கல அண்ணி."

"புல்லு இருக்குமா?"

லெட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டான். "இருக்கும். இப்ப ஆளு ஒசரம் இருக்கும்."

"வெட்ட ஆளு இல்ல" என்றாள் பேச்சியம்மாள்.

கிழக்குக் கல்லை அவளே எடுத்தாள். உதவிக்கு வந்த கருப்பாயியைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஆற்றங்கரையில் ஊன்றினார்கள். பேச்சியம்மாளின் தாலி இறங்கியது. அரிசி மறுபடி கடைக்கு வந்திருந்தது. அய்யாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை அவளே காய்ச்சினாள். பாராங் தீட்டித் தேய்ந்த ஓரத்தில் எண்ணெய் நிற்காமல் வழுக்கியது. மகனின் கையைப் பிடித்துப் பால் ஊற்ற வைத்தார்கள். அவன் கல்லில் பாதியும் தன் காலில் பாதியும் ஊற்றினான். இதுதான் அப்பாவா என்று கேட்டான். யாரோ ஆமாம் என்றார்கள்.

சடங்கு முடிந்தது. பேச்சியம்மாள் கல்லைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கூட்டம் வழக்கம்போல மேட்டுப் பக்கம் திரும்பி வழிவிட்டது. அவள் திரும்பவில்லை. ஆற்றில் இறங்கினாள்.

"பேச்சி, மேட்டுக்கு இல்லையா?" என்று கருப்பாயி கரையிலிருந்து கேட்டாள்.

"இத்தன நாளு நான்தான் புடிச்சு வச்சிருந்தேன் அக்கா. அவரு எப்பவோ கெளம்பிட்டாரு. விட்டுடுறேன்."

இடுப்பளவு தண்ணீரில் நின்று கைகளைத் தாழ்த்தினாள். கல் போன இடத்தில் கொஞ்சம் எண்ணெய் மிதந்து, நீண்டு, ஆற்றோடு போனது.

கரையேறியதும் கருப்பாயியிடம், உங்கள் கல்லையும் மற்றவர்களுடையதையும் வேண்டுமானால் எடுத்து ஆற்றில் விட்டுவிடுங்கள், இனி நான் தடுக்கப் போவதில்லை என்றாள். கருப்பாயி யோசித்தாள். சேலைத் தலைப்பால் அவள் ஈரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு அங்கயே இருக்கட்டும் புள்ள. சீட்டாட நாலு பேரு சேந்துட்டாங்க. இனிமே கூப்புட்டா வர மாட்டாரு."

பேச்சியம்மாள் மேட்டுக்குப் போய்க் கிழக்குக் குழியில் முளை அடித்தாள்.

இங்கிலீஷ்காரர்கள் திரும்பி வந்தபின், பழம்பொருள் துரை வேறொருவர் மேட்டைப் பார்க்க வந்தார். சண்டையில் எத்தனையோ இடங்கள் பாழாகியிருந்தன. இது வெட்டிச் சீவின மாதிரி இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி வந்தார். கற்களில் எண்ணெய்ப் பிசுக்கு எப்படி வந்தது என்று முகர்ந்து பார்த்தார். கிழக்கே வந்ததும் நின்றார். கிராணி சதாசிவத்திடம் ஏதோ சொன்னார்.

"ஒரு கல்லு கொறையுதாம். யாரு எடுத்ததுன்னு கேக்குறாரு" என்றார் கிராணி. அவர் பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேட்டக் காவல் காத்தவரு எடுத்துட்டுப் போனாருன்னு சொல்லுங்க."

கிராணி இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். அவள் சொன்னது அவ்வளவு நீளம் இல்லை. முளையைப் பிடுங்கக் கையை நீட்டிய துரை, பிடுங்காமல் நிமிர்ந்தார். புல் வெட்டும் வேலையை இனி யார் பார்ப்பது என்று கேட்டார். பேச்சியம்மாள் பாராங் கத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

கை ஓயும்வரை அந்த வேலையைப் பார்த்தாள். கித்தா போய் எண்ணெய்ப்பனை வந்தது. லயம் இடிந்தது. மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. மகன் நில அளவை வேலையில் சேர்ந்தபோது, முளை அடிக்க அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவனோடு ஸ்கூடாய்க்குக் குடிபோன பிறகும் ஆடி அமாவாசைக்கு அவள் அங்கே போகத் தவறியதில்லை. மூங்கிலைத் தானே சீவுவாள். கிழக்குக் குழியில் மக்கிப்போன முளையை எடுத்துவிட்டுப் புதியதை அடிப்பாள். கல் ஒன்றை வாங்கி அங்கே ஊன்றிவிடலாமே என்று மகன் ஒருமுறை கேட்டதற்கு, அது வேறு ஆளுடைய இடம் என்றாள்.

போன ஆடியில் சுத்தியலை மகனிடம் கொடுத்துவிட்டு, முளையை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஐப்பசியில் இறந்தாள்.

முளை இன்னும் மக்கவில்லை.